ஒரே அட்டவணை, நாற்பது கைகள்: கூட்டு இணையக் கருவிகளைப் பள்ளியில் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள், ஹைடெக் லேபில் பத்துக் கணினிகள். கூகுள் டாக்ஸில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து இணைப்பைக் கொடுத்து, "எல்லாரும் மழையைப் பற்றி எழுதுங்க" என்று சொல்லிப் பாருங்கள். ஒருவர் அடித்ததை இன்னொருவர் அழிப்பார். யாரோ பக்கம் முழுவதையும் மஞ்சளாக்குவார். கணினி பழகிய நான்கு பேர் தட்டிக்கொண்டிருக்க, மீதிப் பேர் நாற்காலிக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "இதெல்லாம் நம்ம பசங்களுக்குச் சரிப்படாது" என்று லேபைப் பூட்டிவிடத் தோன்றும்.

பிள்ளைகள் மீதும் கருவி மீதும் தவறில்லை. கொடுத்த வேலையில்தான் ஓட்டை. நாற்பது பேர் சேர்ந்து செய்ய வேண்டிய அவசியம் அந்த வேலைக்கு இல்லை; கட்டுரையை ஒருவரே எழுதிவிடலாம். கூட்டு வேலைக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தத் தாளில் தனக்கென்று ஓர் இடம் இருக்க வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தால் மற்றவர்களின் வேலை அங்கேயே நிற்க வேண்டும். இந்த இரண்டும் அமைந்தால் எந்தக் கருவியும் உதவும். அமையாவிட்டால் விலை உயர்ந்த கருவியும் வீண்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் இதற்கு மழையைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம், கோடை இடிமழை என மூன்றும் இங்கே மழை தருகின்றன. ஆனால் ஊருக்கு ஊர் மாறித் தருகின்றன. பென்னாகரத்தில் கொட்டும் மாலையில் பாப்பாரப்பட்டியில் புழுதி பறக்கலாம். ஒரு பள்ளிக்குப் பத்துப் பதினைந்து ஊர்களிலிருந்து பிள்ளைகள் பஸ் ஏறி வருகிறார்கள். ஒரு பிள்ளையின் அளவு அதன் ஊரைத்தான் சொல்லும். எல்லாம் சேர்ந்தால்தான் வட்டாரத்தின் மழை தெரியும். அதனால் இந்த வழிகாட்டி மழைக் கணக்கை நடுவில் வைத்துப் போகிறது. அதே அமைப்பைத் தக்காளி விலைக்கும், மாம்பூ பூக்கும் நாளுக்கும், கிணற்று நீர்மட்டத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

லேபுக்குப் போகும் முன்

முதலில் ஒரு மாலை, பிள்ளைகள் போன பிறகு, எல்லாக் கணினிகளையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு ஒரே கூகுள் ஷீட்டை (இணைய அட்டவணையை) திறந்து பாருங்கள். ஒரு கணினியில் திறப்பது சோதனையாகாது. எத்தனை திறக்கின்றன, எந்த மவுஸ் வேலை செய்யவில்லை, எந்தக் கணினியில் தேதி தவறாக இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி பல ஆண்டுகள் பின்தங்கிய கணினியில் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தாமல் பல தளங்கள் திறக்க மறுக்கும். இணையம் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கேபிளைப் பிடுங்கிப் பயனில்லை. தேதியைச் சரிசெய்தாலே போதும். அந்தக் கோளாறு அடிக்கடி திரும்பி வந்தால் மதர்போர்டில் உள்ள சிறிய வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும்.

அடுத்து வேகம். எழுத்தும் எண்ணும் மிகக் குறைந்த டேட்டாவைத்தான் இழுக்கும். பத்துக் கணினிகளும் ஒரு போன் ஹாட்ஸ்பாட்டிலேயே ஷீட்டில் வேலை செய்யலாம். திணறவைப்பது படம். போனில் எடுத்த ஒரு படம் 4 மெகாபைட் என்றால் நாற்பது படம் 160 மெகாபைட். நொடிக்கு 2 மெகாபிட் ஏற்றும் வேகமுள்ள இணைப்பில், 1 பைட்டுக்கு 8 பிட் என்று கணக்கிட்டால், 640 நொடி. பத்து நிமிடத்துக்கு மேல், அதுவும் தடங்கலே இல்லாமல் ஓடினால். பாடவேளையில் கால் பங்கு அதிலேயே போய்விடும். படங்களை 200 கிலோபைட் அளவுக்குச் சுருக்கினால் அதே நாற்பது படமும் அரை நிமிடத்தில் ஏறிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் தனக்கே ஒருமுறை அனுப்பி, அதைச் சேமித்தாலே படம் வெகுவாகச் சுருங்கும்.

மூன்றாவது கணக்குகள். லேபில் உட்காரவைத்து நாற்பது பிள்ளைகளுக்கும் ஜிமெயில் திறக்க முயலாதீர்கள். ஒரே இணைப்பிலிருந்து வரிசையாகக் கணக்குத் திறந்தால் கூகுள் போன் எண்ணைக் கேட்கத் தொடங்கும். வகுப்பு அங்கேயே நின்றுவிடும். 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை தானாகக் கணக்குத் திறக்கவும் முடியாது. கணக்கே தேவையில்லாத வழி இருக்கிறது: ஆசிரியர் தன் கணக்கில் கோப்பைத் திறந்து, ஷேர் பொத்தானில் "இணைப்பு உள்ள எவரும்" என்பதைத் தேர்ந்து, அனுமதியை எடிட்டர் என்று வைத்தால் பிள்ளைகள் கணினி பிரௌசரில் உள்நுழையாமலே எழுதலாம். அவர்கள் பெயருக்குப் பதிலாகப் பெயரில்லாத விலங்குகள் திரையில் தோன்றும். முதல் நாள் எல்லாரும் "நான்தான் முதலை" என்று சிரிப்பார்கள். இரண்டு நிமிடம் சிரிக்க விடுங்கள். அடக்கினால் பாடம் முழுக்க அதே பேச்சாக இருக்கும். போனில் டாக்ஸ், ஷீட்ஸ் செயலிகள் உள்நுழையச் சொல்லும் என்பதால் இந்த வழி கணினிக்கே பொருந்தும்.

நான்காவது தமிழ் விசைப்பலகை. இதை விட்டுவிட்டுப் போனால் தமிழ்ப் பிள்ளைகள் தங்கள் மொழியை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகிவிடுவார்கள். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் முன் தடுப்பது நம் கடமை. விண்டோஸ் 10இன் 2019 புதுப்பிப்பிலிருந்து தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே வருகிறது. அமைப்புகளில் மொழியாகத் தமிழைச் சேர்த்து, விசைப்பலகையாகத் தமிழ்99ஐத் தேர்ந்தால் போதும். தமிழ்99இல் உயிரெழுத்து இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ஒரு பாடவேளையில் பிடிபட்டுவிடும். ஒவ்வொரு கணினி மேலும் விசைப்பலகைப் படத்தை அச்சடித்து ஒட்டிவையுங்கள். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை ஒட்டினால் தாளில் வெறும் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றியே ஒட்ட வேண்டும்.

எந்த வேலைக்கு எது

பழைய பயிற்சிக் கையேடுகள் பலவற்றிலும் ஜாம்போர்டு என்ற கூட்டு வெண்பலகை இருக்கும். கூகுள் அதை 2024 டிசம்பர் 31உடன் நிறுத்திவிட்டது. அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எண்ணும் அளவும் சேர்க்க ஷீட்ஸ். எழுதித் திருத்த டாக்ஸ். குழுவுக்கொரு பக்கம் என்று பிரித்துக் கொடுக்க ஸ்லைட்ஸ். பாடம் தொடங்கும்போது எல்லாரிடமும் ஒரு வரி வாங்க, சிறு சீட்டுகள் ஒட்டும் பலகை போன்ற பேட்லெட். இலவசக் கணக்கில் சில பலகைகளே கிடைக்கும் என்பதால் வகுப்புக்கொரு பலகை வைத்துத் துடைத்துத் துடைத்துப் பயன்படுத்த வேண்டும். வடிவியலுக்கு ஜியோஜீப்ரா. கஹூட் போன்ற வினாடி வினா உற்சாகம் தரும். ஆனால் அதில் பிள்ளைகள் போட்டியிடுகிறார்கள், சேர்ந்து எதையும் கட்டுவதில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஓர் ஆண்டுக்கு இரண்டு கருவி போதும், ஷீட்ஸும் டாக்ஸும். மாதத்துக்கொரு புதுக் கருவி என்று ஓடினால் பிள்ளைகள் பொத்தான்களைத்தான் கற்பார்கள்.

நாற்பது பேர், பத்துக் கணினி

கணினிக்கு நான்கு பேர். நால்வருக்கும் வேலை பிரித்துக் கொடுங்கள்: ஒருவர் அடிப்பார், ஒருவர் நோட்டைப் பார்த்து வாசிப்பார், ஒருவர் திரையில் விழுந்தது சரிதானா என்று பார்ப்பார், நான்காமவர் பக்கத்துக் குழுவின் தாளைப் பார்த்து ஒரு கேள்வி எழுதி வைப்பார். எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். 40 நிமிடப் பாடவேளையில் நான்கு சுற்றுக்கு 32 நிமிடம்; திறக்கவும் மூடவும் எட்டு. "மாறுங்க" என்றதும் நாற்காலியே மாற வேண்டும். மவுஸை மட்டும் நகர்த்தினால் கணினி தெரிந்த பிள்ளை அதை மறுபடி பிடுங்கிக்கொள்ளும். வீட்டில் கணினி உள்ள பிள்ளைகளை ஒரே குழுவில் சேர்க்காதீர்கள். முதல் சுற்றில் அவர்களை அடிக்க விடாதீர்கள்.

எந்தக் கணினியில் எந்த நான்கு பேர் என்ற தாள் ஆசிரியர் கையில் இருக்க வேண்டும். உள்நுழையாமல் எழுதும் பிள்ளைகளை ஷீட் அடையாளம் காட்டாது. யார் எதை மாற்றினார் என்று பின்னால் தேட இந்தத் தாள் ஒன்றுதான் துணை.

மழைமானி: அட்டவணைக்கு முந்தைய வேலை

இணையக் கருவியைப் பற்றிய வழிகாட்டியில் பாட்டில் வெட்டும் கதை எதற்கு என்று தோன்றலாம். தாளில் ஏறும் எண் பிள்ளை கையால் எடுத்ததாக இல்லாவிட்டால் அந்தத் தாளில் அதற்கு அக்கறை வராது. வலைத்தளத்திலிருந்து நகலெடுத்த எண்ணுக்காக எந்தப் பிள்ளையும் பக்கத்துக் குழுவோடு வாதாடாது.

எல்லாருக்கும் ஒரே வகை 2 லிட்டர் குளிர்பானப் பாட்டில் வேண்டும். கழுத்துக்குக் கீழே, பக்கம் நேராகும் இடத்தில் வெட்டி, வெட்டிய மேல்பகுதியைத் தலைகீழாகப் புனல்போல் உள்ளே வைத்து, ஓரத்தை டேப்பால் ஒட்டுங்கள். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் பக்கத்தில் அளவுகோலை ஒட்டிப் படித்தால் கணக்கு தவறும். நீரை ஊற்றி மில்லிலிட்டரில் அளப்பதே சரி. ஊசி நீக்கிய புதுச் சிரிஞ்ச் அல்லது அளவு குறித்த மருந்து மூடி போதும்.

மி.லி.யை மி.மீ. ஆக்கும் கணக்கு இது: நீரின் அளவைப் பத்தால் பெருக்கி, புனல் வாயின் பரப்பால் வகுக்க வேண்டும். வாயின் குறுக்களவு 10 செ.மீ. என்றால் பரப்பு 78.5 சதுர செ.மீ. அப்போது 157 மி.லி. நீர் 20 மி.மீ. மழை. உங்கள் பாட்டிலின் குறுக்களவை அளந்து பரப்பைக் கணக்கிடுங்கள். அரை சென்டிமீட்டர் பிசகினால் விடை பத்தில் ஒரு பங்கு மாறும்.

வைக்கும் இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும். மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி, வாய் தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில் வரும்படி செங்கற்களுக்கு நடுவே இறுக்கி வைக்கவும். தென்னைக்கு அடியில் வைத்த பாட்டில் மட்டையில் வழிந்த நீரையும் சேர்த்துக்கொள்ளும். ஆடு, கோழி தட்டிவிடும் வீட்டில் முள்வேலிக் கிளை இரண்டை வைத்தால் போதும்.

இந்திய வானிலைத் துறை காலை 8.30க்கு மழையை அளக்கிறது. அந்த நேரத்தில் நம் பிள்ளைகள் பஸ்ஸில் இருப்பார்கள். அதனால் எல்லாரும் காலை 7 மணிக்கு அளக்கட்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் அளப்பதுதான் முக்கியம். அரசு அளவோடு ஒப்பிடும்போது ஒன்றரை மணி நேர வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நேற்று காலை 7 முதல் இன்று காலை 7 வரை பெய்தது இன்றைய தேதியில் ஏறும்.

அட்டவணையை அமைத்தல்

1. புதிய ஷீட்டைத் திறந்தவுடன் கோப்பு மெனுவில் அமைப்புகளுக்குப் போய் நாட்டை இந்தியா என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் 5/10 என்பதை மே 10 என்று அது எடுத்துக்கொள்ளக்கூடும். மாத இறுதியில் வரைபடம் குதறிக் கிடக்கும், காரணம் பிடிபடாது.

2. ஊருக்கொரு தாள் திறங்கள். ஏரியூர், பெரும்பாலை, பாப்பாரப்பட்டி என்று பெயரிடுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம், வரிசை எண் போதும். பத்து ஊர் இருந்தால் பத்துத் தாள், குழுவுக்கு ஒன்று. ஒரே ஊரில் மூன்று பிள்ளைகள் என்றால் மூன்று மி.லி. நெடுவரிசை. மூன்று பாட்டிலும் ஒரே அளவைக் காட்டாதபோது நல்ல வாதம் பிறக்கும்.

3. முதல் நெடுவரிசையில் தேதியை நீங்களே நிரப்புங்கள். இரண்டாவது மி.லி.; பிள்ளைகள் எண் எழுதும் இடம் இது ஒன்றுதான். மூன்றாவது மி.மீ.; சூத்திரம் தானே கணக்கிடும். நான்காவது குறிப்பு: "பாட்டில் சாய்ந்திருந்தது", "இடியோடு அரை மணி நேரம்" போன்றவை.

4. மி.லி. நெடுவரிசையைத் தேர்ந்து டேட்டா வேலிடேஷனில், 0 முதல் 1500 வரை எண் அல்லது "வி" என்ற எழுத்து மட்டும் ஏற்கும்படி விதி போடுங்கள். "வி" என்றால் விடுபட்டது. தவறாக எழுதினால் மறுக்கும்படி அமைக்க வேண்டும். வெறும் எச்சரிக்கையைப் பிள்ளைகள் பொருட்படுத்த மாட்டார்கள்.

5. மி.மீ. சூத்திரத்தில், இடப்பக்கம் எண் இருந்தால் மட்டும் கணக்கிடு, இல்லையென்றால் வெற்றாக விடு என்ற நிபந்தனை அவசியம். இல்லாவிட்டால் "வி" எழுதிய நாளெல்லாம் பிழைக்குறி வந்து கூட்டுத்தொகையையும் கெடுக்கும்.

6. தேதி, சூத்திர நெடுவரிசைகளையும் தலைப்பு வரியையும் தேர்ந்து, டேட்டா மெனுவில் ப்ரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ் வழியாக "நான் மட்டும்" திருத்தலாம் என்று பூட்டுங்கள்.

7. கடைசியாக "வட்டாரம்" என்ற தாள். பத்து ஊர்த் தாள்களிலிருந்தும் எண்களை இழுத்துப் பக்கம் பக்கமாக வைக்கும் தாள் இது. எந்த ஊர் நிரப்பவில்லையோ அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்க நிபந்தனை வண்ணம் (கண்டிஷனல் ஃபார்மேட்டிங்) போடுங்கள்.

இந்த ஏழாவது படியில்தான் எல்லாம் இருக்கிறது. திங்கட்கிழமை காலை புரொஜெக்டரில் வட்டாரத் தாளைத் திறக்கும்போது ஏரியூர் மட்டும் சிவப்பாக இருந்தால், கேட்பது ஆசிரியர் இல்லை. மற்ற ஒன்பது ஊர்க்காரர்கள் கேட்பார்கள். "உங்க ஊர் இல்லாம சராசரி வராதுடா" என்று ஒரு பிள்ளை இன்னொன்றிடம் சொல்லும் இடம் இது. ஆனால் கவனம்: சிவப்புக் கட்டத்தை வைத்து யாரையும் அவமானப்படுத்த விடக் கூடாது. அன்று அந்த வீட்டில் காய்ச்சலாக இருந்திருக்கலாம், தக்காளி பறிப்புக்குப் போயிருக்கலாம். "வி" என்று நேர்மையாக எழுதுவது குற்றமில்லை, இட்டுக்கட்டிய எண்தான் குற்றம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இணைப்பு முகவரி நீளமானது. பலகையில் எழுதி அடிக்கச் சொன்னால் பத்து நிமிடம் போகும். முன்னரே எல்லாக் கணினியிலும் திறந்து புக்மார்க் போட்டு வையுங்கள். பிள்ளைகளுக்குத் தனித்தனி நகல் தேவைப்படும் பயிற்சிக்கு, முகவரியின் இறுதியில் "எடிட்" என்பதிலிருந்து தொடங்கும் பகுதியை நீக்கி ஆங்கிலத்தில் "காப்பி" என்று அடித்துக் கொடுத்தால், திறக்கும்போதே நகலெடுக்கச் சொல்லும். இதற்கு மட்டும் கணக்கு வேண்டும்.

எங்கே தவறும்

மிகப் பெரிய தவறு சுழியத்தையும் வெற்றுக் கட்டத்தையும் குழப்பிக்கொள்வது. மழை இல்லாத நாள் 0. அளக்காத நாள் "வி". கட்டத்தை வெறுமனே விட்டால் சராசரி எடுக்கும்போது ஷீட் அந்த நாளைக் கணக்கிலேயே சேர்க்காது. முப்பது நாளில் ஐந்து நாள் மழை பெய்து மீதி வெற்றாக இருந்தால், சராசரி ஐந்தால் வகுக்கப்பட்டு ஆறு மடங்காகிவிடும். இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டிச் சொல்லாமல், முதல் வாரம் தவற விட்டு, "நம்ம ஊர்ல தினமும் இவ்வளவு மழையா?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பே காரணத்தைக் கண்டுபிடிக்கும்.

மி.லி.க்குப் பதில் மி.மீ.யை எழுதுவது அடுத்தது. மூன்றாவது: ஞாயிறும் திங்களும் சேர்ந்த நீரை ஒரே நாளில் போடுவது. ஞாயிறு "வி" என்றும், திங்கள் குறிப்பில் "இரண்டு நாள் சேர்ந்தது" என்றும் எழுத வேண்டும்.

யாராவது எல்லாவற்றையும் தேர்ந்து அழித்துவிட்டால் பதற வேண்டாம். கோப்பு மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரியில் பழைய நிலைகள் எல்லாம் இருக்கும். ஆனால் உடனே "ரெஸ்டோர்" அழுத்தாதீர்கள். அழிந்த பிறகு மற்றக் குழுக்கள் எழுதியதும் அதோடு போய்விடும். பழைய நிலையைத் திறந்து, அழிந்த பகுதியை மட்டும் நகலெடுத்து இன்றைய தாளில் ஒட்டுங்கள். ஒரு கட்டம் மட்டும் மாறியிருந்தால், அதன்மேல் வலது சொடுக்கி மாற்ற வரலாற்றைப் பார்க்கலாம்.

எண்ணிலிருந்து பாடத்துக்கு

ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் சராசரி, இடைநிலை, முகடு வருகிறது. ஒரு நாளின் ஐந்து ஊர் அளவு 42, 0, 18, 6, 0 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 13.2, இடைநிலை 6, முகடு 0. "இன்னைக்கு நம்ம பக்கம் எவ்வளவு மழை?" என்ற ஒரே கேள்விக்கு மூன்று விடை. எது சரி என்று குழுக்களை வாதாட விடுங்கள். ஏரிக்கு எவ்வளவு நீர் வரும் என்று கேட்பவருக்கு ஒன்று, நாளை நிலக்கடலை விதைக்கலாமா என்று கேட்பவருக்கு வேறு. முதலில் கையால் கணக்கிட்டு நோட்டில் எழுதட்டும். பிறகே ஷீட்டில் சூத்திரம். வரிசை மாறினால் சூத்திரம் மட்டும் தெரியும், பொருள் தெரியாது.

மழைநாள் என்றால் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்பது வானிலைத் துறையின் வரையறை. மாத முடிவில் எந்த ஊரில் மழைநாள் அதிகம், எந்த ஊரில் மொத்த மழை அதிகம் என்று தனித்தனியே எண்ணச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே ஊராக இருக்க வேண்டியதில்லை. மானாவாரியாகச் சாமையும் ராகியும் விதைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வேறுபாட்டின் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை; அவர்கள்தான் வகுப்புக்குச் சொல்வார்கள்.

நிலப்படம் வேண்டுமென்றால் ஊர்ப் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, மாத மழை என நான்கு நெடுவரிசை கொண்ட ஒரு தாளைக் கூகுள் மை மேப்ஸில் ஏற்றலாம். புள்ளியைப் பிள்ளையின் வீட்டில் வைக்காதீர்கள். பஸ் நிறுத்தத்திலோ பள்ளியிலோ வையுங்கள்.

எழுதித் திருத்த டாக்ஸ்

மாத மழையை அறிக்கையாக எழுதும் வேலை தமிழ்ப் பாடவேளைக்கு உரியது. வெற்றுப் பக்கம் வேண்டாம். பத்துப் பெட்டி கொண்ட ஓர் அட்டவணையை டாக்ஸில் போட்டு, பெட்டிக்கு ஊர்ப்பெயர் எழுதிக் கொடுங்கள். இருவர் ஒரே வரியில் அடித்தால் எழுத்துகள் கலந்து, ஒற்றும் உயிர்மெய்யும் பிரிந்து போகும். பெட்டி இருந்தால் அந்தச் சண்டை இல்லை.

எழுதி முடித்ததும் இணைப்பின் அனுமதியைக் கமெண்டர் என்று மாற்றுங்கள். இனி யாரும் அழிக்க முடியாது. திருத்தம் பரிந்துரையாகவே விழும். ஒவ்வொரு குழுவும் வலப்பக்கக் குழுவின் பெட்டியைப் படித்து இரண்டு கருத்து எழுத வேண்டும். "சூப்பர்", "நல்லா இருக்கு" இரண்டுக்கும் தடை. கருத்து என்றால் இப்படி இருக்க வேண்டும்: "மழைநாள் 9னு எழுதியிருக்கீங்க, அட்டவணையில 7தான் வருது. எது சரி?" இந்த ஒரு மாதிரியைப் பலகையில் எழுதி வைத்தால் அரை மணி நேர விளக்கம் மிச்சம்.

குரல்வழித் தட்டச்சு குரோமில் தமிழுக்கு வேலை செய்கிறது. டூல்ஸ் மெனுவில் இருக்கிறது. எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு இது பெரிய திறப்பு, ஏனென்றால் சொல்ல அதற்கு நிறைய இருக்கும். லேபில் பத்துப் பேர் ஒன்றாகப் பேசினால் எல்லாம் குழம்பும். ஒரு ஹெட்செட், ஒரு மூலை, ஒருவர் பின் ஒருவர். முற்றுப்புள்ளியைக் கையால்தான் போட வேண்டும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் நிறைய. கிருஷ்ணகிரி நகரில் உருதும் உண்டு. பெட்டிக்கு அடியில் "எங்க வீட்டுச் சொல்" என்று ஒரு வரி விடுங்கள். தூறலுக்கும் ஆலங்கட்டிக்கும் தங்கள் வீட்டில் என்ன சொல் என்று அவர்கள் எழுதட்டும். தமிழில் தயங்கும் பிள்ளை முதலில் வாய் திறக்கும் இடம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

ஸ்லைட்ஸுக்கு ஒரே எச்சரிக்கை: ஒரு குழு தீம் மாற்றினால் எல்லார் பக்கமும் மாறும். "தீம் தொடக் கூடாது" என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். உள்ளூர் வரலாற்றுக்கு இது பொருந்தும்: பாப்பாரப்பட்டியில் 1925இல் மறைந்த சுப்பிரமணிய சிவா, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, அதியமான்கோட்டை, கிருஷ்ணகிரி அணை என்று குழுவுக்கொன்று பிரித்து, ஒவ்வொரு பக்கத்திலும் மற்றொரு குழுவின் பக்கத்தோடு ஒரு தொடர்பு காட்டச் சொல்லுங்கள். அந்தத் தொடர்பு வரி இல்லாவிட்டால் நான்கு தனி ஸ்லைடுதான் கிடைக்கும்.

இணையம் போன நாள்

வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டிப் பக்கப் பள்ளிகளில் சிக்னல் போவது இயல்பு. அட்டவணையின் அதே அமைப்பை ஏ3 தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். பிள்ளைகள் காலையில் வந்ததும் முதலில் அதில் எழுதட்டும். வாரம் ஒருமுறை ஷீட்டில் ஏற்றினால் போதும். சுவர்த்தாள்தான் மூலம், ஷீட் அதன் நகல் என்று வைத்துக்கொண்டால் மின்தடையும் சிக்னலும் பாடத்தை நிறுத்தாது. ஆசிரியரின் கணினியில் குரோமில் ஆஃப்லைன் வசதியை முன்பே இயக்கி வைத்தால், இணையம் இல்லாதபோது எழுதியது பிறகு தானே ஏறும். மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோவில்) இது வேலை செய்யாது.

லேபே இல்லாத நடுநிலைப் பள்ளியில் ஒரு மடிக்கணினியும் புரொஜெக்டரும் போதும். ஊர் ஊராகப் பிள்ளைகள் எழுந்து எண் சொல்ல, ஒரு பிள்ளை அடிக்கட்டும். வீட்டுப் போனில் செய்து வரச் சொல்லும் வேலை மட்டும் வேண்டாம். ஒரே போனை அப்பா வேலைக்கு எடுத்துப்போகும் வீடுகள் நிறைய. அந்தப் பிள்ளையின் கட்டம் அவள் தவறில்லாமலே காலியாகும்.

பாதுகாப்பு

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. முழுப்பெயர், படம், போன் எண், எமிஸ் எண் (கல்வித் துறை தரும் மாணவர் எண்) எதுவும் தாளில் வேண்டாம். பாடவேளை முடிந்ததும் இணைப்பை வியூவர் என்று மாற்றுங்கள். மறந்து திறந்து விட்ட இணைப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கினால் யாரும் எதையும் எழுதலாம். பேட்லெட்டில் ஆசிரியர் அனுமதித்த பிறகே பதிவு தெரியும் அமைப்பை முதல் நாளே இயக்குங்கள். யாராவது தகாத சொல் எழுதினால் அனைவர் முன்னும் விசாரணை வேண்டாம். உட்காரும் தாளைப் பார்த்து அந்த நால்வரிடம் தனியே பேசுங்கள்.

மதிப்பெண்

கூட்டு வேலைக்கு ஒரே மதிப்பெண் கொடுத்தால் உழைத்த பிள்ளைக்கு வருத்தம். பத்து மதிப்பெண்ணை மூன்றாகப் பிரிக்கலாம்: தன் ஊர்க் கட்டங்களை ஒழுங்காக நிரப்பியதற்கு 4 ("வி" எழுதியதும் நிரப்பியதே), பக்கத்துக் குழுவுக்கு எழுதிய கருத்தின் தரத்துக்கு 3, வட்டாரத் தாளைப் பார்த்து நோட்டில் தனியாக எழுதும் ஒரு பத்திக்கு 3. கடைசிப் பத்தியை லேபில் எழுதவைக்காதீர்கள். வகுப்பறையில், காகிதத்தில், திரை இல்லாமல். சேர்ந்து செய்ததில் எவ்வளவு தன்னுடையதானது என்பது அதில்தான் தெரியும்.

ஆண்டு முடிவில் கோப்பை நகலெடுத்து, பெயரில் ஆண்டைச் சேர்த்து, மூல இணைப்பைப் பூட்டுங்கள். ஊர்த் தாள்களின் எண்ணை அழிக்காமல் அடுத்த ஆண்டுத் தேதியை அதன் கீழேயே தொடருங்கள். புதிய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஜூனில் திறக்கும்போது, போன ஆண்டு இதே நாளில் தங்கள் ஊரில் பெய்த மழை அங்கே இருக்கும்.